கிளப் ஓட்டத்துக்கு எந்த ஸ்லாட் கார் மோட்டார்? கொழும்பிலிருந்து ஓர் ஒப்பீடு

ஸ்லாட் கார் என்றால் ட்ராக்கில் வெட்டின தவாளிப்பு (ஸ்லாட்) வழியே, அதன் பக்கத்திலிருந்து கரண்டை எடுத்து ஓடுகிற சின்னப் பந்தயக் கார்; கையில் பிடிக்கிற கொன்ட்ரோலரால் வேகத்தைக் கூட்டிக் குறைப்போம். கிளப்புக்கு மோட்டார் வாங்கப்போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்றுதான். 18,000-ஆ, 20,000-ஆ, 25,000-ஆ? என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலாவது, பின்னேரம் முதல் ஹீட்டில், அதாவது முதல் ஓட்டத்தில், ஓடின மோட்டார் இரவு கடைசி ஹீட்டிலும் அதே மாதிரி ஓடுமா என்பது. இரண்டாவது, என் காரில் இருக்கிற மோட்டாரும் பக்கத்து லேனில் ஓடுபவரின் மோட்டாரும் ஒன்றுக்கொன்று கிட்டவாவது இருக்குமா என்பது. இந்த இரண்டும் சரிவராவிட்டால் யார் வடிவாக ஓட்டுகிறார் என்பதே தெரியாமல் போய்விடும், தோற்றவர் எல்லாருக்கும் மோட்டாரிலேயே சந்தேகம் வரும், பிறகு மெல்ல மெல்ல ஆக்கள் வருவதும் குறையும். நல்ல மோட்டார் என்று நான் சொல்வது இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்காத மோட்டாரைத்தான்.

எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் ட்ராக்கைப் பொறுத்து மாறும். 1/32 அளவுக் கார்கள். வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடி அறை. எம்டிஎஃப் (அழுத்தின மரநார்) பலகையில் தவாளிப்பு வெட்டி, இரண்டு பக்கமும் செப்பு நாடா ஒட்டின நாலு லேன் ட்ராக். சில கார்களில் ட்ராக்கின் இரும்பு ரெயிலைப் பிடித்துக்கொள்ள அடியில் காந்தம் வரும், எங்கள் கார்களில் அது கிடையாது. 12 வோல்ட். ஏசி இல்லை. இதே மாதிரி வீட்டிலோ கடை மாடியிலோ ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது சரியாகப் பொருந்தும்.

ஆர்பிஎம்மை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்பது ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே விளங்கும். 20,000 ஆர்பிஎம் மோட்டார், மோட்டாரில் 9 பல் சின்னக் கியர் (பினியன்), பின் அச்சில் 27 பல் பெரிய கியர் (கிரவுன்), அதாவது 3:1 கியர். பின் டயரின் விட்டம் 20 மில்லிமீட்டர். அச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,670 தரம் சுற்றும், டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 63 மில்லிமீட்டர், ஆகவே கார் செக்கனுக்கு 7 மீட்டர் போக வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர். வீட்டு அறைக்குள் போட்ட ட்ராக்கில் ஆக நீண்ட நேர்ப்பகுதியே நாலு மீட்டர் இருந்தால் பெரிய காரியம். அந்த நாலு மீட்டருக்குள் கார் வளைவிலிருந்து வெளிக்கிட்டு, வேகம் பிடித்து, அடுத்த வளைவுக்கு முன்னம் பிரேக்கும் பிடிக்க வேண்டும். மோட்டார் தன் உச்சச் சுற்றை எட்ட இடமே இல்லை. அப்போ லாப் நேரத்தைத் தீர்மானிப்பது வளைவிலிருந்து வரும்போது உள்ள இழுவையும், விரலை எடுத்ததும் பிடிக்கிற பிரேக்கும்தான். ஸ்லாட் காரில் பிரேக் என்று தனியாக ஒன்றும் இல்லை. கொன்ட்ரோலர் விசையை முழுதாக விட்டதும் மோட்டாரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று இணைகின்றன, சுழன்றுகொண்டிருக்கிற மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. டார்க் (சுழற்றும் வலு) கூடின மோட்டாரின் பிரேக்கும் அழுத்தமாக இருப்பது இதனால்தான்.

சரி, இனி கையில் இருக்கிற தெரிவுகளைப் பார்ப்போம்.

ஆக மலிவானது புறக்கோட்டை மோட்டார். முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இலக்ட்ரோனிக் சாமான் கடைகளில் கேட்டால் 130 மோட்டார் என்று ஒன்றை எடுத்துத் தருவார்கள். பார்த்தால் ஸ்லாட் கார் மோட்டார் மாதிரியே இருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம், 25 மில்லிமீட்டர் நீளம், காரின் மோட்டார்க் கூட்டுக்குள் சிக்கென்று போய் உட்காரும். ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானின் மபூச்சி கம்பனியின் எஃப்ஏ-130 வகை அல்லது அதைப் பார்த்துச் செய்தது. அது 1.5 இலிருந்து 3 வோல்ட் வரை ஓடுவதற்கு உருவாக்கப்பட்டது, விளையாட்டுக் கார்களுக்கு. மபூச்சி தன் மோட்டார்களில் அடிக்கும் இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் விஷயம் பிடிபடும். 2270 என்றால் 0.22 மில்லிமீட்டர் கம்பி, 70 சுற்று. 18100 என்றால் 0.18 மில்லிமீட்டர் கம்பி, 100 சுற்று. கம்பி தடித்து, சுற்றுக் குறைந்தால் கரண்ட் கூட இழுக்கும். 3 வோல்ட்டுக்குச் சுற்றின கம்பியில் 12 வோல்ட்டைக் கொடுத்தால், உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கிற கார்பன் பிரஷ்ஷுக்குப் பதிலாக இருக்கிற மெல்லிய உலோகத் தகடு முதலில் கருகும், பிறகு கம்பியின் எனாமல் மணக்கும். ஸ்லாட் காருக்கு வருவது எஃப்சி-130 குடும்பம், வெளி அளவு அதே, உள்ளே கார்பன் பிரஷ், வேறு கம்பிச்சுற்று. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது 130 இருக்கிறதா என்று இல்லை, 12 வோல்ட்டுக்கானதா என்று. அப்படி 12 வோல்ட் ஒன்று கிடைத்தாலும் அடுத்த தரம் போகும்போது அதே சாமான் வந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதனால் கிளப்புக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ட்ராக்கின் வயர் வேலையைச் சோதிக்க ஒரு பழைய காரில் போட்டு ஓட்டலாம், அவ்வளவுதான்.

அடுத்தது காரோடு பெட்டியில் வருகிற மோட்டார். 1957 இல் இங்கிலாந்தில் தொடங்கின ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் இன்றைய சாதாரண கார்களில் 12 வோல்ட்டுக்கு 18,000 ஆர்பிஎம் அளவில் சுற்றும், மூடின உறை (கூடு) கொண்ட மோட்டார்தான் வரும். எங்களில் பலர் இதைக் கழற்றி எறிந்துவிட்டு உடனே வேறொன்றைப் போடத் துடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காந்தம் இல்லாத மரட்ராக்கில் இந்த மோட்டார் நிதானமாக ஓடும், கரண்ட் குறைவாக இழுக்கும், அதனால் சூடும் குறைவு, புதிதாக வருகிற பெடியன்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குறை இரண்டு. பிரேக் மென்மை, அதனால் வளைவுக்கு முன்னம் கொஞ்சம் முந்தியே விட வேண்டும். மற்றது, ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம். பந்தயத்துக்கென்று தெரிந்தெடுத்துக் கட்டின மோட்டார் இல்லை இது, ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளைத் திறந்தால் ஒரு கார் வெளிக்கிடும்போதே முன்னுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆளாளுக்குத் தங்கள் காரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டுகிற வகுப்பில் இது சண்டையைக் கிளப்பும். கார்கள் கிளப்புடையவையாக இருந்து, லேன் மாறும்போது ஆள் மாறி ஓட்டினால் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

ஒல்லிக் கூட்டு மோட்டார் வருகிற எஃப்1 கார்களையும் குறுகின பழைய கார்களையும் தனி வகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றோடு கலக்க வேண்டாம்.

இனி முக்கியமான போட்டி. இத்தாலியின் ஸ்லாட்.இட், என்எஸ்ஆர் இரண்டும் பந்தயத்துக்கென்றே மோட்டார் விற்கின்றன. அதே 130 அளவுக் கூடு, கார்பன் பிரஷ், 12 வோல்ட்டில் 20,000 இலிருந்து 21,500 வரை. ஸ்லாட்.இட்டின் வி12/3 21,500. என்எஸ்ஆரின் ஷார்க் வரிசையில் பெயரிலேயே சுற்று எண்ணிக்கை இருக்கும், 20 என்றால் 20,000. ஸ்லாட்.இட் ஃப்ளாட்-6 வேறு வடிவம், தட்டையான கூடு, 20,500 ஆர்பிஎம், டார்க் 200 கிராம் சென்டிமீட்டர். ஷார்க் 20-இன் டார்க் 164. ஒரு டிசி மோட்டார் தரக்கூடிய ஆகக் கூடின சக்தி அதன் உச்சச் சுற்றின் பாதியில் கிடைக்கும். உச்சச் சுற்றையும் முழு டார்க்கையும் பெருக்கி நாலால் வகுத்தால் அந்தச் சக்தி வரும். போட்டுப் பார்த்தால் ஷார்க் 20-க்கு எட்டரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஃப்ளாட்-6-க்குப் பத்தரை வாட். ஆர்பிஎம் கிட்டத்தட்ட ஒன்று, சக்தியில் இவ்வளவு இடைவெளி. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரு எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று நான் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அப்போ ஃப்ளாட்-6 தானே சிறந்தது என்று கேட்கலாம். தனி ஆளுக்கு, ஒரு நல்ல எல்எம்பி (லு மான் வகைப் பந்தய) காருக்கு, ஆம். இழுவையும் பிரேக்கும் அருமை, கூடு தாழ்வாக இருப்பதால் கார் வளைவில் நிலைத்து நிற்கும். கிளப்புக்கு என்று வரும்போது எனக்குத் தயக்கம் இரண்டு. அதற்கேற்ற மோட்டார்த் தாங்கி வேண்டும், எல்லாருடைய காரிலும் அது பொருந்தாது. அதோடு கூட்டின் காந்தப்புலம் கீழ்ப்பக்கம் ரெயிலை இழுக்கும். இரும்பு ரெயில் உள்ள பிளாஸ்டிக் ட்ராக்கில் இது ஒரு இலவசக் காந்தம் மாதிரி வேலை செய்யும், காந்தம் இல்லை என்று விதி எழுதிவிட்டு ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுத்ததாகிவிடும். எங்கள் செப்பு நாடாவில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் நாங்கள் வேறு இடத்துக்குக் காரைக் கொண்டுபோய் ஓட்டுகிற நாளும் வரும்.

ஆகவே என் தெரிவு 130 அளவு மூடின கூடு, 20,000 பக்கம். 21,500-க்கும் அதற்கும் லாப் நேரத்தில் வித்தியாசம் எங்கள் மாதிரிச் சின்ன ட்ராக்கில் அநேகமாகத் தெரியாது, வித்தியாசம் தெரிவது சூட்டில்தான்.

25,000-க்கு மேற்பட்டவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. என்எஸ்ஆரில் 46,000 சுற்றும் கிங் 46 கூட உண்டு, அதெல்லாம் நீண்ட நேர்ப்பகுதியும் பலமான மின்வழங்கியும் உள்ள பெரிய ட்ராக்குகளுக்கு. வீட்டு அறையில் அது முதல் வளைவிலேயே வெளியே போகும். அப்புறம் 1/24 அளவுப் பெரிய கார்களின் உலகத்தில் உள்ள 16டி, சி-கேன் மாதிரிக் கழற்றிப் பூட்டும் மோட்டார்கள். பிரஷ், ஸ்பிரிங் மாற்றலாம், பிரஷ் உரசுகிற செப்பு உருளையான கொமியூட்டேட்டரைக் கடைசலில் பிடித்துத் திருத்தலாம், கவனித்துப் பார்த்தால் வருடக்கணக்கில் ஓடும். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் கவனிப்பைச் செய்யத் தெரிந்தவர் கிளப்பில் ஒருவர்தான் இருப்பார், அவர் மோட்டார்தான் எப்போதும் முன்னுக்கு ஓடும். உதிரிப் பாகம் ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுணங்கும். மூடின மோட்டாரில் யாரும் கைவைக்க ஏலாது என்பது அதன் குறை இல்லை, கிளப்புக்கு அதுதான் அதன் பலம்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் ஓட்டுகிறவர்கள் ஐரோப்பியர்கள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் 20 பாகை அறையில் சோதித்துப் பார்க்கிறார்கள், எங்கள் அறை பின்னேரத்தில் 30 பாகைக்கு மேல். மோட்டாருக்குள் இருக்கிற ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் தன் வலுவில் 0.2 வீதம் அளவில் இழக்கும். செப்புக் கம்பியின் தடை பாகைக்கு 0.4 வீதம் அளவில் ஏறும். ஹீட் முடிவில் மோட்டார் 40 பாகை ஏறியிருந்தால் காந்தத்தில் 8 வீதம் போய்விட்டது, கம்பியின் தடையில் 15 வீதத்துக்கு மேல் கூடிவிட்டது. இழுவையும் பிரேக்கும் இரண்டும் இறங்கும். வெறுமனே சுற்றவிட்டால் சத்தம் முந்தியதைவிடக் கூர்மையாகக் கேட்கும், ஆள் மோட்டார் நல்லா இருக்குது என்று நினைப்பார், கார் மட்டும் வளைவிலிருந்து இழுக்காது. ஆற விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். 20,000 மோட்டாரை நான் விரும்புவதற்கு ஆகப் பெரிய காரணம் இது: இரண்டு ஹீட்டுக்கு நடுவில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.

மோட்டாரில் பழி போடுகிற பல விஷயங்கள் உண்மையில் வெளியே இருப்பவை. நாலு கார் ஒரே நேரத்தில் வெளிக்கிடும்போது மின்வழங்கி 12 வோல்ட்டிலிருந்து கீழே விழுந்தால் எந்த மோட்டாரும் மந்தமாகத்தான் தெரியும். லேனுக்கு ஒரு தனி வழங்கி வைப்பது நல்லது, ஏலாவிட்டால் ஆகக் குறைந்தது ட்ராக்கைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் தடித்த வயரால் கரண்டைக் கொண்டுபோய்ச் சேருங்கள். கடற்காற்றில் செப்பு நாடா கறுக்கும், இரும்பு ரெயில் துருப்பிடிக்கும். காருக்குக் கீழே இருக்கிற பின்னல் கம்பியை விரலால் தொட்டுப் பாருங்கள், கறுப்பு ஒட்டினால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னம் துடைக்க வேண்டியது ட்ராக்கை. கொன்ட்ரோலரும் பொருந்த வேண்டும்: பழைய கம்பித் தடை வகையாக இருந்தால் 20,000 மோட்டாருக்கு 35 அல்லது 45 ஓம் சரிவரும், அதற்குப் பொருந்தாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு கார் பாய்கிறது, நடுங்குகிறது என்று சொல்லிப் பயனில்லை.

வாங்குவதைப் பற்றி. 2022 இல் ரூபாய் விழுந்தபோது டொலர் 200-இலிருந்து 350-க்கு மேல் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து ஒரு மோட்டாரை மட்டும் தனியாக வரவழைப்பது காசைக் கடலில் போடுகிற வேலை, மோட்டாரின் விலையைவிடத் தபாற்செலவும் வரியும் பெரிதாக நிற்கும். எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில், ஒரே கடையில், ஒரே வகையில் எடுங்கள். இதில் காசு மிச்சம் என்பதைவிடப் பெரிய நன்மை, ஒரே தொகுதியில் செய்த மோட்டார்கள் கையில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எட்டுப் பேர் ஓட்டுகிற கிளப் என்றால் பன்னிரண்டு எடுக்கச் சொல்வேன். மிச்ச நாலு மாற்றுக்கு.

அந்தப் பன்னிரண்டும் கிளப்புடையவை, தனி ஆட்களுடையவை இல்லை. பந்தயத்தன்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது. பல நாடுகளில் கிளப்புகள் இப்படித்தான் செய்கின்றன. இதற்கு எங்களில் ஒருவர், "அண்ணை, என்ர காசுக்கு வாங்கின மோட்டார நான் ஏன் குடுக்கோணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கார், டயர், கியர், பாரம் எல்லாம் உன்னுடையது தம்பி, அதில் உன் கைவண்ணத்தைக் காட்டு, மோட்டார் மட்டும் பொதுவில் இருக்கட்டும் என்பதுதான் என் பதில். இப்படி வைத்தால் யாரும் இருபது மோட்டார் வாங்கிச் சோதித்து அதில் ஆக வேகமானதைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் எழுதுங்கள். 3 வோல்ட்டில் ஒரு மணித்தியாலம் அளவில் வெறுமனே சுற்றவிடுங்கள், கார்பன் பிரஷ் கொமியூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப மெல்லத் தேய்ந்து உட்கார வேண்டும். அச்சைத் தாங்குகிற இரண்டு முனைப் புஷ்ஷிலும் ஊசிமுனையால் தொட்டு வைக்கிற அளவுக்கு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். பிரஷ் பக்கம் எண்ணெய் கூடிப்போனால் அது உள்ளே இறங்கி, கார்பன் தூளோடு சேர்ந்து கொமியூட்டேட்டரின் இடைவெளிகளில் கறுப்புக் களியாக நிற்கும், மூடின மோட்டாருக்குள் இருந்து அதை வடிவாக எடுக்க வழியில்லை. பினியனைச் சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது, அழுத்தி ஏற்றுகிற கருவியைப் பாவியுங்கள். தட்டினால் அந்த அடி நேராக மறுமுனைப் புஷ்ஷில்தான் போய் விழும். கியர் பற்கள் இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாகப் பூட்டின கியர் நல்ல மோட்டாரையும் சூடாக்கிக் கொல்லும், அதை மோட்டாரின் பழுது என்று எழுதி வைப்பார்கள்.

பிறகு அளப்பது. 12 வோல்ட்டில் வெறுமனே சுற்றவிட்டு, மல்டிமீட்டரில் கரண்டையும், சுற்று எண்ணிக்கையையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். டாக்கோமீட்டர் இல்லாவிட்டால் ஃபோனில் ஒலி அதிர்வெண் காட்டுகிற செயலி போதும்: செக்கனுக்கு 333 அதிர்வு என்றால் 20,000 ஆர்பிஎம். மூன்று துருவ மோட்டார் என்பதால் அதன் மூன்று மடங்கிலோ ஆறு மடங்கிலோ உச்சி ஒன்று பெரிதாகத் தெரியலாம், அதில் ஏமாற வேண்டாம். மற்றவற்றைவிடக் கூடக் குறைய விலகி நிற்கிற மோட்டார்களை மாற்றுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கிறவற்றைப் பந்தயத்துக்கு எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் வெள்ளவத்தைக் காற்றிலும் பழுதாகாது.

அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள், சில மாதத்துக்கு ஒருக்கால் ஆறின மோட்டாரை அதே வோல்ட்டில் திரும்ப அளந்து பக்கத்தில் எழுதுங்கள். சுற்றுக் குறைந்து கரண்ட் கூடியிருந்தால் புஷ் இறுகிவிட்டது, ஒரு துளி எண்ணெய் விட்டு இன்னொரு தரம் பாருங்கள். சுற்றுக் குறைந்து கரண்டும் நிலையில்லாமல் துள்ளினால் பிரஷ்ஷோ கொமியூட்டேட்டரோ முடிகிறது, அதைப் பந்தயத்திலிருந்து எடுத்துப் பயிற்சிக் காருக்குக் கொடுங்கள். சுற்றும் கூடி, கரண்டும் கூடியிருந்தால் காந்தம் வலு இழந்துவிட்டது. ஆறின பிறகும் அப்படிக் காட்டுகிற மோட்டாருக்கு எந்த வைத்தியமும் இல்லை, இலக்கத்தை வெட்டிவிட்டு மாற்றுப் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.